பதினான்காம் கேள்வி

உட்துறைமுக வீதியில் எங்கள் வளாகத்துக்கு
மூன்று மாடி, ஒரு லிஃப்ட்; அதுவும் பெப்ரவரியில் ஓடாது.
நான் இரண்டாம் மாடி, காப்புறுதிக் கவுண்டர்.
வருடத்துக்குப் பதினெட்டாயிரத்து எழுநூற்றைம்பது.
கட்டாதவருக்குக் கணினி பதிவிலக்கம் தராது,
நான் தர நினைத்தாலும் தராது.

'பெரியாஸ்பத்திரி நடக்கிற தூரம்தானே மிஸ்,
அங்க காசும் இல்ல. பிறகு இது என்னத்துக்கு?'
கேட்டவள் கிண்ணியா ஷிஃப்னா.
நல்ல கேள்வி. படிவத்தில் அதற்கு இடமில்லை.
தகப்பன் வங்கியில் வேலை என்று
கடிதம் கொண்டுவந்த ஒருவன் மட்டும்
விலக்கு வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.
கட்டக்கூடியவனுக்குத்தான் கட்டாமல் விட வழி.

பகல் பன்னிரண்டரை இருக்கும். சம்பூர் சனோஜன்.
பதின்மூன்று கேள்விக்கும் இல்லை, இல்லை என்று
ஒரே ஓட்டத்தில் எழுதி வந்தவன்
பதினான்கில் பேனையைத் தூக்கிப் பிடித்தான்.
உடலில் நிரந்தரமாக ஏதேனும் பொருத்தப்பட்டுள்ளதா?
'மிஸ், பொருத்தினது மட்டுந்தானோ,
தானா வந்து ஏறினதும் இதுக்குள்ள வருமோ?'

மறுநாள் எக்ஸ்ரேயோடு வந்தான்.
மூதூர் பஸ்ஸில் மடங்காமலிருக்க
பழைய கலண்டர் அட்டைக்குள் வைத்திருந்தான்.
ஸ்கேனர் அதை வெறும் கறுப்பாய்த்தான் எடுத்தது.
டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்:
எலும்புக்குப் பக்கத்தில்
புளியங்கொட்டையளவு வெள்ளை.
'ரெண்டு வயசு. அம்மா வலது இடுப்பில வச்சு ஓடினவவாம்.
பின்னால தொங்கின கால் இது.
டொக்டர் சொன்னவர், அது அசையேல்ல,
அப்பிடியே விடுங்கோ எண்டு.'
பஸ்ஸுக்கு நேரம் சொல்வதுபோலச் சொன்னான்.
நான் எழுதினேன்: உலோகம். இடது தொடை. அசைவில்லை.

கொழும்பிலிருந்து பதில் வரப் பதினொரு நாள்.
போர், கலகம், கிளர்ச்சி என்பவற்றால் நேர்ந்தவை
மூன்றாம் பக்கம், ஏழாம் பிரிவு;
ஆகவே மேற்படி மாணவருக்கு
இடது தொடை நீங்கலாகக் காப்புறுதி வழங்கப்படும்.
கட்டணத்தில் மாற்றமில்லை.

இருபது வருடமாய் நான் எழுதிவந்த சொல்.
ஞாயிறு நீங்கலாக. வரி நீங்கலாக.
அன்றுதான் அதற்கு ஒரு கால் இருந்ததைக் கண்டேன்.

அவன் வாசித்தான். இன்னொருக்கா வாசித்தான்.
'அப்ப, தொடைக்குக் கொஞ்சம் கழிக்கமாட்டினமோ?'
சிரித்தது அவன்தான் முதலில்.
பிறகு காசை எண்ணி வைத்தான்,
ஐயாயிரம் மூன்று, மிச்சமெல்லாம் நூறும் ஐம்பதும்,
ஒன்றிரண்டில் மீன் செதிள்.

திரையில் இரண்டே தெரிவு: முழுமை, விலக்கு.
முழுமை என்று அழுத்தினேன். பதிவிலக்கம் விழுந்தது.

கீழே வாசலில், யாரோ விட்டுப்போன நிபந்தனைப் புத்தகத்தை
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
பக்கம் பக்கமாய்த் தின்றுகொண்டிருந்தது.
காவலாளி விரட்டப் போனார்.
விடுங்கோ அண்ணை என்றேன், ஜன்னலிலிருந்து.
அவருக்குக் கேட்கவில்லை. மானுக்கும்தான்.

சனோஜன் படியில் பாதி இறங்கியவன்
திரும்பி ஏறி வந்தான், மூச்சு வாங்க.
'மிஸ், ஒரு சந்தேகம்.
அது அசைஞ்சு மேல வந்தால்?
தொடையை விட்டு இடுப்புக்கு, வயித்துக்கு வந்தால்,
அப்ப எனக்குக் காப்புறுதி இருக்கோ?'

பகிடியாய்க் கேட்டானா தெரியாது.
மூன்றாம் பக்கத்தை மறுபடி எடுத்து வாசித்தேன்.
அப்படியே எழுதி கொழும்புக்கு அனுப்பினேன்,
அவனுடைய சொல்லிலேயே.

இப்போது ஓகஸ்ட். கச்சான் காற்று
கவுண்டர்க் கடதாசிகளைக் கிளப்புகிறது.
இரண்டாம் பருவத்துக்கும் அவன் வந்தான்,
என்ன மிஸ், பதில் வந்ததோ என்றான்.
இன்னும் இல்லை.
அதுவும் இன்னும் அசையவில்லையாம்.